விடுமுறையும் பூட்டிய பள்ளியும்

சொற்கள் நாவில் பழகப் பழக, அவற்றின் பொருள் நெஞ்சினின்று நழுவிவிடுகிறது. விடுமுறை என்னும் சொல்லும் அத்தகையது. அச்சொல்லைக் கேட்டதும் மகிழ்ச்சி என்றே நாம் கொள்ளுகிறோம். யார் விடப்படுகிறார், எதினின்று விடப்படுகிறார், விடப்பட்டவரை ஏற்றுக்கொள்பவர் யார் என்னும் வினாக்களை நாம் எழுப்புவதேயில்லை. கன்றைக் கட்டவிழ்த்துப் புல்வெளியில் விடுவதும் விடுதலே. அதனை நடுச்சாலையில் நிறுத்திவிட்டுப் போவதும் விடுதலே. முன்னதில் அன்பு உண்டு. பின்னதற்குக் கைவிடுதல் என்று பெயர். பள்ளிக்கூடம் பூட்டப்படும் நாட்களில் நம் மலைத்தோட்டத்துச் சிறுவர் சிறுமியர் விடப்படுகின்றனரா, கைவிடப்படுகின்றனரா? இவ்வொரு வினாவையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

பகாங் மாநிலத்தின் மேற்கெல்லையில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் பரந்து கிடப்பது கேமரன் மலை. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மேட்டு நிலத்தைக் கண்டு குறித்தார். அவர் பெயரே மலைக்கு ஆயிற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் வேறு தோட்டங்களும் எழுந்தன. காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திக் கன்று நட்டுக் கொழுந்து கிள்ளிய கைகளுள் தமிழர் கைகள் பல. இன்று நிலைமை மாறியிருக்கிறது. விரல்கள் கிள்ளிய இடத்தில் கத்தரியும் பொறியும் வந்துவிட்டன. மலையில் நிரை பிடித்து நிற்போரிற் பலர் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளினின்று வந்தவர். நம்மவரிற் சிலர் இன்னும் தோட்டத்து மலையிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் இருக்கின்றனர். மற்றையோர் காய்கறித் தோட்டங்களிலும், பூந்தோட்டங்களிலும், தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் முதலிய ஊர்களின் தங்கும் விடுதிகளிலும் உணவுக்கடைகளிலும் உழைக்கின்றனர்.

இம்மலையின் வாழ்வில் ஒரு முரண் உண்டு. அதனை நன்கு நோக்கல் வேண்டும். நாடெங்கும் பள்ளிகள் மூடப்படும்போது சமவெளி மக்கள் குளிரை நாடி மலையேறுகின்றனர். தாப்பாவினின்று வளைந்து வளைந்து ஏறும் சாலையும், சிம்பாங் பூலாய் வழியே வரும் சாலையும் வண்டிகளால் அடைபடுகின்றன. விடுதிகள் நிரம்புகின்றன, ஸ்ட்ராபெரிப் பண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் கூட்டம் நெருங்குகிறது. எனவே, ஏனையோர்க்கு ஓய்வு வரும் நாட்களிலேதான் மலைவாழ் தாய்தந்தையர்க்கு வேலை மிகுகிறது. நகரத்துத் தாய் தன் பிள்ளைக்குத் தேயிலைச் சரிவைக் காட்டி மகிழும் அதே வேளையில், அவளுக்குத் தேநீர் கொணர்ந்து வைக்கும் மலைத்தாய் தன் பிள்ளை எங்கே இருக்கிறதோ என்று எண்ணி நிற்கிறாள். நகரத்தாரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர் வரவால் மலை பிழைக்கிறது. ஆயினும் ஒருவர் பிள்ளையின் விடுமுறை மற்றொருவர் பிள்ளையின் தனிமையின்மீது கட்டப்படுமாயின், அக்கட்டடத்தின் அடித்தளத்தை ஆராய்தல் அறிவுடையோர் கடன்.

பள்ளி பூட்டிய காலையில் மலைப்பிள்ளைக்கு எஞ்சிய வழிகள் மூன்று. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கைப்பேசியே துணையாய்ப் பொழுது போக்குதல் ஒன்று. தாயுடன் வேலைக்களத்திற்குச் சென்று, கடையின் பின்கட்டிலோ காய்கறித் தோட்டத்தின் நெகிழிப் பந்தலடியிலோ உட்கார்ந்திருத்தல் மற்றொன்று. பூச்சிமருந்து அடிக்கும் இடம் பிள்ளை இருத்தற்கு உரியதன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? துணைக்கு வந்த கை நாளடைவில் வேலைக்கு வந்த கையாய்விடுவதும் உண்டு. சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்த 1966-இலேயே இந்நாட்டில் சட்டம் பிறந்தது. ஆனால் போக்கிடமில்லாத பிள்ளைக்குச் சட்டம் போக்கிடம் காட்டவில்லை. மூன்றாவது வழி, அக்காளிடம் தம்பி தங்கையரை ஒப்படைத்தல்.

முன்னாளில் பாட்டிமார் இருந்தனர்; லயத்துத் திண்ணையில் ஒரு கிழவி பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். இந்நாளில் குடும்பங்கள் சிதறிவிட்டன. பேரப்பிள்ளைகளைக் காக்க வேண்டிய பாட்டியே ஏதேனும் ஒரு கடையில் பாத்திரம் துலக்கப் போகிறாள். ஆண்டின் இறுதி மாதங்களோ மலையில் மழை மிகுந்தவை. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கர் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பறிபோயின. 2024 ஜனவரியில் புளூ வேலிப் பக்கத்தில் மண் சரிந்து, அயல்நாட்டினின்று வந்த தொழிலாளர் ஐவர் மாண்டனர். பெரியோரையே வாரிக்கொள்ளும் மலையில், சிறு பிள்ளைகள் பெரியோர் எவரும் அருகில்லாமல் நாள் முழுதும் இருக்கின்றனர் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் பதைக்கின்றது.

அக்காளிடம் ஒப்படைத்தல் என்று மேலே ஓர் அடியிற் கூறிச் சென்றோம். அதனைச் சிறிது நின்று நோக்குவோம். அவ்வக்காளுக்கு வயது பத்தோ பதினொன்றோ இருக்கலாம். அவளும் பள்ளி மாணவியே. விடுமுறை அவளுக்கும் உரியதே. ஆயினும் பள்ளி மூடிய அன்றே அவள் தாயாகிவிடுகிறாள். சோறு வடிப்பவள் அவள். அழும் தம்பியைத் தேற்றுபவள் அவள். துணி துவைப்பவள் அவள். அவளுடைய அண்ணன் பந்தை எடுத்துக்கொண்டு வெளியேறினால் ஒருவரும் ஏனென்று கேளார். அவள் ஒரு கதைப்புத்தகத்தைக் கையில் எடுத்தால், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததற்குக் காரணம் அப்புத்தகமே என்று ஏசப்படுகிறாள். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்த காலந்தொட்டுப் பெண்கல்வியை மேடைதோறும் முழங்கி வருகின்றோம். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினோம், நன்று. ஆனால் பள்ளி மூடிய நாளில் அவள் மீண்டும் அடுப்பங்கரைக்கே உரியவளாகிறாள் எனின், நாம் அவளுக்கு வழங்கியது விடுதலையா, தவணை முறையில் ஓர் ஒத்திவைப்பா? விடுமுறைப் பேச்சில் முதலில் எண்ணத் தக்கவள் இச்சிறுமியே என்று துணிந்து கூறுவோம்.

இனி, பள்ளியின் நிலையைக் காண்போம். மேட்டின்மேல் பள்ளி நிற்கிறது. அதற்கு உறுதியான கூரை உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு, கழிப்பிடம் உண்டு, திடல் உண்டு, ஓர் அறை நிறையப் புத்தகங்கள் உண்டு, சிற்றுண்டிச்சாலையில் அடுப்பும் உண்டு. வார இறுதி நாட்களையும் விடுமுறை நாட்களையும் கூட்டினால், ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாட்கள் இவையெல்லாம் பூட்டுக்குள் கிடக்கின்றன. பிள்ளைக்காகக் கட்டப்பட்ட இடம், பிள்ளைக்கு மிகவும் வேண்டிய நாளில், பிள்ளைக்கு மட்டும் திறவாமல் இருக்கிறது. கோயில் நடையைச் சாத்துவதற்குக்கூட உச்சிவேளை, அர்த்தசாமம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். பள்ளியை வாரக்கணக்கில் சாத்துவதற்கு நாம் வைத்திருக்கும் நியாயம் யாது?

அங்ஙனமாயின் அந்நாட்களில் பிள்ளையைக் காப்பது யார் கடன்? பெற்றோர் கடன் என்று உடனே விடை வரும். அவ்விடையை நாம் மறுக்கவில்லை. பெற்றவரே முதற் பொறுப்பாளர். நம் நாட்டுச் சிறுவர் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. தக்க மேற்பார்வைக்கு வழி செய்யாமல் பிள்ளையைத் தனியே விட்டுச் செல்லும் பெற்றோர்க்கு அபராதமும் சிறையும் உண்டு என்று 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு விதிக்கின்றது. பிள்ளையின் நலம் கருதி எழுந்த நல்ல விதி அது. ஆனால் இங்கே அறநூலார் எழுப்ப வேண்டிய ஒரு வினா உண்டு. இயலாத ஒன்றைக் கடமை என்று ஒருவர்மேல் சுமத்தலாகுமா?

மலைத்தாய் வேலைக்குப் போகாவிடின் அன்றைய கூலி இல்லை. சில இடங்களில் மறுநாள் வேலையும் இல்லை. வேலைக்குப் போனால் பிள்ளை தனியே. போனாலும் குற்றம், போகாவிடினும் பசி. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பவளை நோக்கி, ‘உன் கடமையைச் செய்’ என்று உபதேசிப்பது எளிது. கடமையைச் செய்தற்குரிய வழியைத் திறந்துவைத்த பின்னரே, செய்யாதவரைக் குறைகூறும் உரிமை சமூகத்திற்கு உண்டாகிறது. வழியை அடைத்துவிட்டு நடக்கவில்லையே என்று தண்டிப்பது அறமன்று. அது வலியோர் மெலியோர்மேல் விளையாடும் விளையாட்டு.

இரண்டாவது, வேலை கொடுப்போர் கடன். இது நாம் புதிதாகப் படைத்த கருத்தன்று. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே, 7 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் 10 பேர் தோட்டத்தில் இருப்பின் அங்கே பள்ளி ஒன்று வைக்கப்படல் வேண்டும் என்று விதித்தது. கைக்குழந்தைகளுக்குத் தோட்டந்தோறும் ஆயாக்கொட்டகை இருந்ததை மூத்தோர் அறிவர். இலங்கை மலையகத்தார் அதனைப் பிள்ளைக்காம்பரா என்பர். இந்தியாவிலும் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண் தொழிலாளர் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் ஆறு வயதிற்குக் கீழ்ப்பட்ட அவர்தம் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. இவற்றிலெல்லாம் அடங்கிய நீதி ஒன்றே. தாயின் பகற்பொழுதை விலைக்கு வாங்குபவர், அப்பகற்பொழுதில் அவள் பிள்ளைக்கு நேரும் இழப்பிலும் பங்குடையவர் ஆவர். கூலி என்பது கைக்குக் கொடுக்கும் விலை. அக்கை வீட்டில் விட்டுவந்த பிள்ளைக்கு அது விலையாகாது.

எனினும் நம் சட்டங்களுக்கிடையே ஒரு சந்து இருக்கிறது. பிள்ளைக்காப்பகங்களைப் பற்றிய 1984-ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளைக் கருதியது. பள்ளிச் சட்டங்கள் பள்ளி நாட்களைக் கருதியன. எட்டு வயதுப் பிள்ளை விடுமுறை நாளில் யார் கையில் என்னும் வினாவுக்கு விடையிறுக்க ஒருவரும் கடமைப்பட்டிலர். சிறு குழந்தை தவறி விழும் என்று அஞ்சித் தொட்டில் கட்டினோம். படிக்கும் பிள்ளை அறியாமையில் விழும் என்று அஞ்சிப் பள்ளி கட்டினோம். அவ்விரண்டிற்கும் இடையே உள்ள சந்தில் ஆண்டுதோறும் வாரக்கணக்கில் நம் பிள்ளைகள் விழுந்து கிடக்கின்றனர்.

ஆகவே மூன்றாவதாக, பொதுமக்கள் கடனும் அரசின் கடனும் வருகின்றன. பள்ளிக் கட்டடம் பொதுப்பணத்தால் நிற்பது. தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளிகளோ தோட்டத்தார், அரசு, பெற்றோர் ஆகிய மூவரின் உதவியாலும் நிற்பவை. மூவருக்கும் பங்குள்ள இடம் மூவருடைய கடமையும் கூடும் இடமாதல் பொருத்தமே. விடுமுறை நாட்களிலும் பள்ளியின் ஒரு பகுதியைத் திறந்துவைத்து, பிள்ளைகள் விளையாடவும், படிக்கவும், உண்ணவும், அச்சமின்றி இருக்கவும் வழி செய்க என்பதே நம் கோரிக்கை.

இதற்கு மூன்று தடைகள் கூறப்படுகின்றன. மூன்றும் மதிக்கத்தக்கவை. அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்வோம்.

முதல் தடை வரலாற்றினின்று பிறப்பது. ‘தோட்டப் பள்ளி என்பது முற்காலத்தில் பிள்ளைகளை அடைத்துவைக்கும் கொட்டகையாகவே இருந்தது. கிராணியோ கங்காணியோ உபாத்தியாயர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். அப்பட்டியைப் பள்ளியாக்க நாம் பல்லாண்டு போராடினோம். இன்று அதனை மீண்டும் பட்டியாக்கச் சொல்லுகின்றீரா?’ என்று நம் பெரியோர் சிலர் சினந்து கேட்கின்றனர். அச்சினத்தின் நேர்மையை நாம் வணங்குகிறோம். ஆனால் வேறுபாட்டை நோக்குக. அக்காலத்தில் கல்வி இருக்க வேண்டிய இடத்தில் காவலை வைத்தனர். அதனால் கல்வி செத்தது. நாம் வேண்டுவது, கல்வி ஓய்ந்திருக்கும் நாளில் வெறுமை இருக்கும் இடத்தில் அன்பான காவலை வைத்தல். முன்னது திருட்டு, பின்னது நிரப்புதல். இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் ஒன்று உண்டு. விடுமுறைப் பணிக்காகப் பள்ளி நாட்களின் பாடவேளையோ ஆசிரியர் தொகையோ ஒரு சிறிதேனும் குறையுமாயின், முதலில் எதிர்ப்போர் நாமாவோம்.

இரண்டாம் தடை பிள்ளையின் சார்பாக எழுவது. ‘ஆண்டு முழுதும் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உட்காரும் பிள்ளைக்குச் சில வாரங்களேனும் ஒன்றும் செய்யாதிருக்கும் உரிமை வேண்டாமா? அப்பொழுதும் பள்ளியா?’ என்பது அது. இதுவே தடைகளுள் தலையாயது. இதனுள்ளேதான் நம் பொருளின் உயிர் இருக்கிறது.

ஓய்வு பிள்ளையின் பிறப்புரிமை என்பதில் நமக்கு ஐயமில்லை. பள்ளி என்னும் தமிழ்ச்சொல்லின் பழம்பொருளே துயிலிடம், தங்கிடம் என்பதன்றோ? பள்ளியறை என்றும் பள்ளிகொள்ளுதல் என்றும் இன்றும் வழங்குகின்றோம். சமண முனிவர் தங்கிய குகைகளில் கல்லிற் செதுக்கிய படுக்கைகள் உண்டு. அவற்றிற்கும் பள்ளி என்றே பெயர். முனிவர் தங்கிய இடத்தில் பிள்ளைகள் வந்து கற்றமையால், பள்ளி கல்விக்கூடமாயிற்று என்பர். மேனாட்டிலும் இதே வியப்பு. ஆங்கிலர் பள்ளிக்கு வழங்கும் பெயர் கிரேக்கச் சொல் ஒன்றினின்று வந்தது. அக்கிரேக்கச் சொல்லின் முதற்பொருள் ஓய்வு. தொலைவில் வாழ்ந்த இருவேறு மக்கள், தம்முள் கலந்து பேசாமலேயே, ஓய்வும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் உறைவன என்று கண்டிருக்கின்றனர். ஓய்வுக்குரிய இடத்தைப் பாடப் பட்டறையாக்கியவர் பிற்காலத்தினரே. ஆதலின் விடுமுறையில் பள்ளியைத் திறத்தல், பள்ளியை அதன் பழைய பொருளுக்கு மீட்டுக்கொணர்தலேயாகும்.

ஓய்வு வேறு, கவனிப்பாரற்றுக் கிடத்தல் வேறு. செல்வர் வீட்டுப் பிள்ளை விடுமுறையில் ஒன்றும் செய்யாமல் இருக்கிறது என்கிறோம். உண்மையில் அப்பிள்ளையைச் சுற்றி எத்தனை கண்கள் விழித்திருக்கின்றன! பணிப்பெண்ணின் கண், பாட்டியின் கண், வாயிற்காவலன் கண், நீச்சற்குளத்து ஆசிரியர் கண். அக்கண்களின் காவலுக்குள்ளேதான் அப்பிள்ளை கவலையின்றிச் சோம்பியிருக்கிறது. மலைப்பிள்ளைக்கு அக்கண்களில் ஒன்றுகூட இல்லை. கதவைத் தட்டுபவர் யார், மழை எப்பொழுது வரும், தம்பி எங்கே போனான் என்னும் கவலைகளைச் சுமக்கும் பிள்ளை வீட்டில் சும்மா இருந்தாலும், அஃது ஓய்வன்று. ஊதியமில்லாத காவல் வேலை. தன்னைக் காக்க ஒருவர் இருக்கிறார் என்னும் உறுதி இருந்தால்தான் பிள்ளை தன்னை மறந்து விளையாடும். ஆதலின் காவல் விளையாட்டுக்குப் பகையன்று; அதன் தாய்.

ஆனால் இவ்வாதத்திலேயே நமக்கும் ஓர் எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. விடுமுறைப் பள்ளி மற்றுமொரு பாடப்பள்ளியாகுமாயின் நாம் கூறியது அனைத்தும் பொய்யாகும். அங்கே தேர்வுக்குப் பயிற்சி கூடாது, மதிப்பெண் கூடாது, பிரம்பு கூடவே கூடாது. வர விரும்பாத பிள்ளையை வரச்சொல்லி வற்புறுத்தலும் கூடாது. ‘என் பிள்ளை ஒரு பாடமேனும் கூடுதலாகப் படிக்கட்டுமே’ என்று ஆவலுறும் பெற்றோர்க்கு நாம் பணிவுடன் சொல்லுவது: மரத்துக்கு வேர் ஓடும் பருவம் ஒன்று உண்டு; அப்பருவத்தில் தளிர் காணோமே என்று கிளையைப் பிடித்து இழுத்தல் தகாது.

மூன்றாம் தடை ஆசிரியர் சார்பில் எழுவது. மலையேறி வந்து, வாடகை வீட்டில் குளிர் தாங்கி, ஆண்டு முழுதும் உழைக்கும் ஆசிரியர்க்கும் ஓய்வு வேண்டும். அவரும் தம் பெற்றோரைக் காணவும் தம் பிள்ளைகளோடு கூடியிருக்கவும் வேண்டும். இதனை மறந்து அவர் தோளிலேயே இச்சுமையையும் ஏற்றுவது, ஒரு தொழிலாளியின் துயரை மற்றொரு தொழிலாளியின் முதுகிற்கு மாற்றுவதேயாகும். தென் கொரிய அரசு 2024-இல் பள்ளி வேளைக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளைப் பள்ளியிலேயே பேணும் திட்டத்தை நாடெங்கும் விரித்தபோது, அங்குள்ள ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தது இக்காரணம் பற்றியே. ஆதலின் இப்பணிக்குத் தனி ஆட்கள் வேண்டும். அவர்க்குத் தனி ஊதியமும் வேண்டும்.

ஆட்கள் எங்கே என்பாருக்கு விடை அருகிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தினின்று விடுமுறைக்கு வீடு திரும்பும் நம் தோட்டத்து இளைஞரும் மங்கையரும் இருக்கின்றனர். ஆயாக்கொட்டகையில் நெடுநாள் பழகிய அம்மாமார் இருக்கின்றனர். ஓய்வுபெற்ற ஆசிரியர் உளர். ஆனால் தொண்டு, தொண்டு என்று கூறி இவர்களை வெறுங்கையோடு அனுப்புதல் ஆகாது. பிள்ளை வளர்க்கும் வேலைக்குக் கூலி வேண்டாம் என்னும் எண்ணமே பெண்களின் உழைப்பை நெடுங்காலமாக விழுங்கி வந்திருக்கிறது. பொறுப்பேற்போர் எவராயினும், அவர் நடத்தையை முன்னரே நன்கு ஆராய்ந்து தெரிதலும், ஒருவரிடம் மட்டும் பிள்ளைகளை விடாமல் இருவர் மூவராக அமர்த்துதலும் இன்றியமையாதன.

பிற நாடுகள் இவ்வழியில் நடந்திருக்கின்றனவா? நடந்திருக்கின்றன. லண்டன் மாநகரின் ஏழைப் பிள்ளைகள் தெருவில் அலைவதைக் கண்ட எழுத்தாளர் மேரி வார்டு அம்மையார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களுக்கு விளையாட்டு நிலையம் தொடங்கினார்; 1902-இல் கோடை விடுமுறைப் பள்ளியும் நடத்தினார். 1907-இல் இங்கிலாந்துச் சட்டமே, உள்ளூர்க் கல்வி அதிகாரிகள் விடுமுறைப் பள்ளிகளையும் விளையாட்டு நிலையங்களையும் நடத்தலாம் என்று இடங்கொடுத்தது. பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று மேடையேறி வாதாடியவரும் அவ்வம்மையாரே. தாயின் வாக்கை மறுத்தவரின் கண்ணுக்கும் தாயின் சுமை தெரிந்தது எனின், அது எத்துணைப் பெரிய சுமையாய் இருந்திருத்தல் வேண்டும்! அண்டை நாடாகிய சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி வளாகங்களுக்குள்ளேயே மாணவர் பராமரிப்பு நிலையங்கள் நடக்கின்றன. வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் பள்ளி முடிந்த பின்னும் விடுமுறையிலும் அங்கே தங்குகின்றனர்.

உணவைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். 1920-இல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் முயற்சியால், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு இடப்பட்டது. காமராசர் 1956-இல் அதனை நாடளாவ விரித்தார், எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக வளர்த்தார். பள்ளிக்கும் பசிக்கும் உள்ள தொடர்பை உலகிற்குக் காட்டியவர் தமிழர் என்று நாம் பெருமை கொள்ளலாம். இந்திய உச்சநீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஒருபடி மேலே சென்றது. வறட்சி தாக்கிய பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு தரப்படல் வேண்டும் என்று ஆணையிட்டது. பசிக்கு விடுமுறை இல்லை என்னும் எளிய உண்மை அவ்வாணையில் சட்டமாயிற்று. இங்கிலாந்தும் 2021-இல் எல்லா ஊராட்சிப் பகுதிகளிலும், ஏழைப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் விளையாட்டும் உணவும் சேர்த்து வழங்கும் திட்டத்தை விரித்தது. நம் மலேசியாவில் 1979 முதல் நடந்துவரும் துணை உணவுத் திட்டம் ஏழை மாணவரின் வயிற்றில் பால் வார்த்த நற்பணி. அது பள்ளி நாட்களுக்கு உரியது. அதனை விடுமுறை நாட்களுக்கும் நீட்டுக என்று கேட்பது பேராசையாகாது.

இனி, மலையில் இது நடைபெறத்தக்க முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். வேலைக்குப் பெற்றோர் புறப்படும் வேளைக்குக் கதவு திறக்க வேண்டும். அவர் திரும்பிய பின்னரே மூட வேண்டும். அலுவலக நேரக் கணக்கு இங்கே பயன்படாது. காலையில் கஞ்சியோ ரொட்டியோ, நடுப்பகலில் சூடான சோறு. ஒரு வேளை திடலில் ஆட்டம். மழை வந்தால் உள்ளே புத்தகமும் கதையும் கைவேலையும். பள்ளியோரத்தில் ஒரு பாத்தி கீரை. வாரம் ஒருநாள் தோட்டத்து முதியவர் ஒருவர் வந்து, காடு திருத்திய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நம் வரலாறு ஏட்டில் ஏறாமல் அவர்களுடனேயே மறைந்துகொண்டிருக்கிறது. ஆண்பிள்ளையும் பாத்திரம் கழுவட்டும். பெண்பிள்ளையும் பந்து உதைக்கட்டும். சாதியும் சமயமும் மொழியும் வாயிற்படிக்கு வெளியே நிற்கட்டும். அருகே வாழும் செமாய்ப் பழங்குடிப் பிள்ளை வந்தாலும், அயல்நாட்டுத் தொழிலாளியின் பிள்ளை வந்தாலும் அதே பாயில் இடம் உண்டு.

செலவுக்கு வழி என்ன? கட்டடமும் காப்புறுதியும் அரசின் பங்கு. உணவும் ஆயாமாரின் ஊதியமும் தோட்டத்தாரும் விடுதி முதலாளிகளும் பகிர்ந்து ஏற்க வேண்டிய பங்கு. விடுமுறைக் கூட்டத்தால் ஆதாயம் காண்போர், அவ்வாதாயத்திற்காக வீட்டில் தனித்திருக்கும் பிள்ளைக்கு ஒரு பிடி சோறு இடுதல் தருமமன்று, கடன் தீர்த்தல். பெற்றோரின் பங்கு மேற்பார்வை. மாதத்தில் ஒருநாள் ஒருவர் வந்து நிற்றல். நம் மக்களால் கூடிச் செய்ய இயலாது என்று எவரும் கூற வேண்டா. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, மாதம் பத்து வெள்ளியாகக் கொடுத்துத் தோட்டங்களையே வாங்கியவர் தோட்டத் தொழிலாளர். நிலத்தைக் காக்கக் கூடிய கைகள் பிள்ளையைக் காக்கக் கூடாவோ?

மற்றுமொரு நன்மையும் உண்டு. 150 மாணவருக்குக் குறைந்த பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று அரசு வகுத்துள்ளது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளிற் பல இவ்வகையின. அவற்றின் எதிர்காலத்தைப் பற்றி மேடைகளில் கண்ணீர் விடுகின்றோம். தமிழ்ப்பள்ளிக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்கும் இளந்தாய்க்கு, மொழிப்பற்றை மட்டும் விடையாகத் தருகின்றோம். உன் பிள்ளையை நீ வேலை முடிந்து வரும்வரை அன்போடு காக்கும் இடம் இது என்னும் விடையும் உடன் இருக்குமாயின், அப்பள்ளியின் வேர் அவள் வீட்டுக்குள்ளேயே ஓடிவிடும்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்னும் பழமொழியைப் பெண்களுக்கு மட்டும் உபதேசித்து வந்தோம். அதனை ஊருக்கே உபதேசிக்க வேண்டிய காலம் இது. மலைத்தோட்டத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும், பள்ளி மேலாளர் வாரியங்களையும், தோட்ட நிர்வாகங்களையும், நகரத்துத் தமிழ்ச் செல்வரையும் நோக்கி நாம் கேட்பது பெரிதன்று. அடுத்த நீண்ட விடுமுறையில், ஏதேனும் ஒரு பள்ளியில், இரண்டே அறைகளைத் திறவுங்கள். இருபது பிள்ளைகள் வரட்டும், குறைகள் தோன்றும், திருத்துங்கள். அவ்விருபதில் ஒருத்தி, பத்து வயது அக்காளாக இருப்பாள். தம்பியை வேறொருவர் பார்த்துக்கொள்ள, அவள் ஒரு மூலையில் அமர்ந்து ஒரு கதைப்புத்தகத்தை முதற்பக்கத்தினின்று கடைசிப்பக்கம்வரை ஒரே அமர்வில் படித்து முடிக்கட்டும். அந்நாளிலேதான் அவளுக்கு விடுமுறை கிடைத்தது என்று நாம் கூற முடியும்.